சம்பளம் கேட்கும் சிப்பாய்

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 என்ற கணினி விளையாட்டில் ஒரு நைட்டை, அதாவது கவசமணிந்த குதிரைவீரனை, உருவாக்க 60 உணவும் 75 தங்கமும் தேவை. கொடுத்தாயிற்றா, அத்தோடு கணக்கு முடிந்தது. சாகும்வரை அவனுக்குச் சோறும் வேண்டாம், சம்பளமும் வேண்டாம். கோட்டை மூலையில் நிறுத்திவிட்டு மறந்துபோனாலும் ஒரு வார்த்தை கேட்க மாட்டான்.

உக்ரைனின் ஜிஎஸ்சி கேம் வேர்ல்ட் நிறுவனம் 2001-இல் கொண்டுவந்த 'கொசாக்ஸ்: யூரோப்பியன் வார்ஸ்' அப்படி இல்லை. ஆள் சேர்ப்பது அங்கே சுலபம். வைத்துக் காப்பாற்றுவதுதான் பாடு. எல்லோரும் களஞ்சியத்திலிருந்து தின்றுகொண்டே இருப்பார்கள். துப்பாக்கி வெடிக்கும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் இரும்பும் நிலக்கரியும் கழியும். கூலிப்படைக்கு ஓயாமல் தங்கம் போகும். உணவு தீர்ந்தால் ஆட்கள் பட்டினியில் சாவார்கள். தங்கம் தீர்ந்தால் கூலிப்படை நம் மீதே திரும்பும்.

இரண்டுமே ஆள், மரம், தங்கம் என்று திரட்டிச் சண்டை போடும் வரலாற்று விளையாட்டுகள்தான். ஆனால் ஒன்றில் சிப்பாயை விலைக்கு வாங்குகிறோம், மற்றொன்றில் வாடகைக்கு வைத்திருக்கிறோம். ஆட்டத்தின் மற்ற விதிகள் பலவும் இதை ஒட்டியே அமைகின்றன.

பராமரிப்புச் செலவே இல்லையென்றால் படை பெருத்துக்கொண்டே போகுமே? அதனால்தான் 1999-இல் வந்த ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 வழக்கமான ஆட்டத்தில் ஒருவருக்கு 200 பேர் என்று வரம்பு கட்டியது. உழுகிற, மரம் வெட்டுகிற வில்லேஜரும் அந்த 200-க்குள் சேர்த்தி. 120 வில்லேஜர் இருந்தால் படைக்கு 80 இடம்தான். கடைசிக் கட்டத்தில் தேறிய ஆட்டக்காரர்கள் தங்கள் வில்லேஜர்களையே அழித்துப் படைக்கு இடம் பிடிப்பார்கள். கொஞ்சம் கொடூரம்தான், ஆனால் கணக்கு சரி.

இடம் குறைவென்றால் யாரை வைத்து நிரப்புவது என்பதே பெரிய கேள்வியாகிவிடும். ஈட்டிக்காரனின் தாக்குதல் வெறும் 3. குதிரைப்படை எதிரே வந்தால் கூடுதலாக 15. நைட்டின் கவசம் அந்த 3-இல் 2-ஐத் தடுத்துவிடும், மீதி 1. கூடுதல் 15-ஐக் கவசம் தொடாது. ஆக ஒரு குத்துக்கு 16. நைட்டின் உயிர் 100, ஏழு குத்தில் போய்விடும். ஒற்றைக்கு ஒற்றை நின்றால் நைட்தான் ஜெயிப்பான், அவன் வீச்சு வேகமானது. இரண்டு ஈட்டிக்காரர்கள் சேர்ந்தால் கதையே வேறு. அவர்களை உருவாக்கத் தங்கமும் தேவையில்லை.

கொசாக்ஸில் இந்த நுணுக்கத்தைவிடக் கூட்டமே பேசும். 8000 பேர் வரை களத்தில் இறங்கலாம் என்று விளம்பரமே செய்தார்கள். அதிகாரி, முரசடிப்பவர், பின்னால் வரிசையாகச் சிப்பாய்கள் என்று அணி அணியாகத்தான் நகர்த்த வேண்டும். ஒவ்வொருவராகப் பிடித்து மேய்க்க இரண்டு கை போதாது. அப்புறம், பத்தே நிமிடத்தில் ஆட்டத்தை முடிக்கப் பார்ப்பவர்களுக்கு இது ஒத்துவராது. சுரங்கத்துக்கு எத்தனை பேர், வயலுக்கு எத்தனை பேர் என்பதிலேயே போரின் பாதி நடந்துவிடும்.

முதன்முதலாக ஆடியபோது எனக்கு இது புரியவில்லை. இருந்த உணவையும் தங்கத்தையும் கொட்டித் துப்பாக்கிக்காரர்களாகவே எடுத்தேன். முதல் இரண்டு தாக்குதல்களைப் பிரமாதமாக முறியடித்தார்கள். மூன்றாவதாகக் குதிரைப்படை வந்தபோது வரிசை குலையாமல் நின்றார்கள், ஒரு துப்பாக்கியும் வெடிக்கவில்லை. திரையின் மேலே பார்த்தேன்: நிலக்கரி 0.