சேர் நிறைய ஆள், கல்லாவில் காசில்லை

போன வாரம் ஓர் இளம் பல் மருத்துவர் வந்து உட்கார்ந்தார். "சார், காலையில் கையுறை மாட்டினால் ராத்திரிதான் கழற்றுகிறேன். அப்பாயின்ட்மென்ட் இல்லாத நேரமே இல்லை. ஆனால் மாசக் கடைசியில் அசிஸ்டென்ட் சம்பளத்துக்குக் கைமாற்று வாங்குகிறேன்." இதே கதையை இந்த வருஷம் சொல்லும் நான்காவது ஆள் இவர். அதனால் கொஞ்சம் எரிச்சலோடுதான் எழுதுகிறேன்.

ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "நோயாளி உட்காரும் உங்கள் சேர் ஒரு மணி நேரம் ஓட எவ்வளவு செலவாகிறது?" வாடகை தெரியும் என்றார். சம்பளக் கணக்கு தெரியும் என்றார். அந்த ஒரு மணி நேரக் கணக்கு மட்டும் தெரியவில்லை. மேல் கடைவாய்ப்பல்லில் ஒளிந்திருக்கும் எம்.பி.2 என்ற மெல்லிய வேர்க் கால்வாயைத் தேடிப் பிடித்துவிடுவார் இவர். அவருடைய தவறு என்று சொல்லவும் மனம் வரவில்லை. பல்லைப் பற்றிக் கற்றுத் தந்த அளவுக்குப் பில்லைப் பற்றி நமக்கு யாரும் கற்றுத் தரவில்லை.

கணக்கு கஷ்டமில்லை. வாடகை, சம்பளம், கடன் தவணை, மின்சாரம், கம்ப்ரஸரும் கருவிகளைக் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவும் ரிப்பேருக்கு விழுங்குவது எல்லாவற்றையும் கூட்டுங்கள். உங்கள் சம்பளத்தையும் சேருங்கள். "லாபமே எனக்குத்தானே சார், சம்பளம் எதற்கு?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். இதே வேலையை வேறொருவர் கிளினிக்கில் செய்தால் சும்மாவா செய்வீர்கள்? இப்படிக் கூட்டி வந்த மொத்தச் செலவை நோயாளி உண்மையில் உட்கார்ந்திருந்த மணிகளால் வகுக்க வேண்டும், கதவு திறந்திருந்த மணிகளால் அல்ல. மாதம் 200 மணி நேரம் திறந்து வைத்து, சேர் ஓடியது 120 மணி என்றால், மணிக்கு 100 என்று நீங்கள் நினைத்த செலவு உண்மையில் 167. பொருளும், செயற்கைப் பல் செய்து தரும் லேப்பின் பில்லும் இதற்கு மேலே தனி.

இப்போது என்னை மிகவும் படுத்தும் விஷயத்துக்கு வருகிறேன். கல்லாவில் விழுந்ததெல்லாம் வருமானம் என்ற நினைப்பு. இல்லை. திரும்பவும் சொல்கிறேன், இல்லவே இல்லை. கிளிப் போட ஒரு பெண் வருகிறாள். சிகிச்சை 18 முதல் 24 மாதம் ஓடும். முதல் மாதமே பெரிய தொகை கொடுத்துவிடுகிறார்கள். அந்த மாதம் நீங்கள் ராஜா. அதன்பின் மாதாமாதம் அவள் வருவாள், கம்பி மாற்றுவீர்கள், உடைந்த பிராக்கெட்டை ஒட்டுவீர்கள், கடைசியில் பல் மறுபடி நகராமல் பிடிக்கும் ரிடெய்னரும் கொடுப்பீர்கள். இத்தனை சேர் நேரத்துக்குமான பணம் முதல் மாதமே செலவாகிப்போயிருக்கும். தாடை எலும்பில் செயற்கை வேர் பதிக்கும் இம்பிளான்டிலும் இதுதான் கதை. எலும்போடு பற்ற மூன்று முதல் ஆறு மாதம் காத்திருக்கிறோம். மேலே கிரவுன் என்ற பல் உறையை வைக்கும் நாளில் லேப் பில் வரும், அட்வான்ஸ் இருக்காது. செய்து முடிக்காத வேலைக்கு வாங்கிய பணம் நோயாளியின் பணம். அவர் நாளைக்கே வந்து, "வேண்டாம் டாக்டர், திருப்பிக் கொடுங்கள்" என்றால் எடுத்து நீட்ட முடிகிறதா? முடியாது என்றால் நீங்கள் கடனில் இருக்கிறீர்கள். வட்டி இல்லாததால் வலி தெரியவில்லை, அவ்வளவுதான். தனிக் கணக்கு ஒன்று திறந்து அட்வான்ஸை அதில் போடுங்கள். வேலை முடிய முடிய, முடிந்த அளவுக்கு மட்டும் எடுங்கள். வரிப் பணத்தையும் தனியாக ஒதுக்கிவிடுங்கள், அதுவும் உங்களுடையது அல்ல.

தள்ளுபடி கேட்டால் முகம் பார்த்து இளகிவிடுகிறோம். கட்டணம் 100, செலவு 70 என்று வையுங்கள். 10 குறைத்தால் லாபம் 30 இருபதாகிறது. முன்பு 2 பேருக்குச் செய்து பார்த்த காசை இனி 3 பேருக்குச் செய்தால்தான் பார்க்கலாம். முடியாதவருக்கு இலவசமாகவே செய்யுங்கள், நானும் செய்கிறேன். ஆனால் அதை நோட்டில் எழுதி வைத்துச் செய்யுங்கள்.

கிரவுனை லேப் இலவசமாகத் திரும்பச் செய்து கொடுத்தது என்று மகிழாதீர்கள், பல்லின் விளிம்பு (மார்ஜின்) சரியாகப் பதியாத அந்த அச்சை (இம்ப்ரெஷனை) மறுபடி எடுத்த ஒரு மணி நேரத்தை யார் கொடுப்பது? பத்து வாங்கினால் இரண்டு இலவசம் என்று டீலர் சொன்னதும் பல் நிறத்தில் அடைக்கும் கம்போசிட்டை அள்ளாதீர்கள். எல்லோருக்கும் போகும் ஏ2 நிறம் தீர்ந்துகொண்டே இருக்கும், அரிதாகத் தேவைப்படும் சி4 நிறம் காலாவதித் தேதி வரை தூங்கும். பணம் வாங்குபவரும் ரசீது போடுபவரும் ராத்திரி கணக்கு ஒப்பிடுபவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. "அவள் என் தங்கை மாதிரி சார்" என்பார்கள். தங்கையாகவே இருந்தாலும் ஒப்பிடுவது நீங்களாக இருங்கள், நாளைக்கு நூறு குறைந்தால் அவள் மேல் பழி விழாது. சிகிச்சை தொடங்கும் முன் மொத்தச் செலவை எழுத்தில் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். பாக்கி கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

இன்னொன்று. செலவைக் குறைக்கிறேன் என்று கையுறையிலும் ஸ்டெரிலைசேஷனிலும் கை வைக்காதீர்கள். ஆட்டோகிளேவ் கிருமியை உண்மையில் கொல்கிறதா என்று பார்க்கும் ஸ்போர் டெஸ்ட் ஒரு வாரம் விட்டுப்போனால் என்ன என்று கேட்பவரிடம் நான் பேசுவதையே நிறுத்திவிடுகிறேன். அதைவிட, கெஞ்சிக் கேட்கிறேன், மாதக் கணக்கை நேர்செய்ய ஃபில்லிங்கோடு பிழைக்கும் பல்லுக்கு வேர் சிகிச்சை செய்யாதீர்கள். துணை மருத்துவருக்கு 'இத்தனை கிரவுன்' என்று இலக்கு வைத்தால் அவர் கண்ணுக்கு எல்லாப் பல்லும் கிரவுனாகத்தான் தெரியும். கணக்கு தெரியாமல் திணறுகிறவர்தான் கடைசியில் இந்தப் பக்கம் சறுக்குகிறார், பேராசைக்காரரைவிட அதிகமாக. நான் பார்த்தது அப்படித்தான்.

வந்தவரை ஒரு பட்டியல் மட்டும் போடச் சொல்லி அனுப்பினேன். யாரிடமெல்லாம் பணம் வாங்கி வேலை பாக்கி இருக்கிறது என்று. நேற்று கூப்பிட்டார். "போட்டுவிட்டேன் சார். 23 பேர்."

"அந்தப் பணம்?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "ரெண்டாவது சேராக நிற்கிறது சார்."