பள்ளிக் கூரைக்கு ஒரு மில்: மிச்சிகனின் சிங்கிங் ஃபண்ட் வாக்கெடுப்பு

மிச்சிகன் மாநிலத்தில் மே, ஆகஸ்ட், நவம்பர் மாதங்களில் நடக்கும் தேர்தல்களின் வாக்குச்சீட்டில், சில ஊர்களில் நீளமான ஒரு பத்தி இடம்பெற்றிருக்கும். பள்ளிக் கட்டடங்களுக்காக இத்தனை மில் (சொத்து வரி வீதத்தை அளக்கும் அலகு) சொத்து வரியை இத்தனை ஆண்டுகளுக்கு விதிக்கலாமா என்று அது கேட்கும். சட்டம் இந்த வரிப்பணத்தைச் சிங்கிங் ஃபண்ட் (sinking fund, சொல்லுக்குச் சொல் ‘மூழ்கும் நிதி’) என்று அழைக்கிறது. பெயரைக் கேட்டு எதுவோ மூழ்குகிறது என்று எண்ண வேண்டாம். குறிப்பிட்ட தேவைக்கென்று ஒதுக்கி வைக்கும் பணத்துக்குக் கணக்குத் துறையில் வழங்கும் பழைய சொல் அது.

பள்ளியின் அன்றாடச் செலவுக்கு மாநிலம் மாணவர் கணக்குப்படி பணம் தரும்போது, கூரைக்கு மட்டும் ஏன் ஊராரிடம் கேட்க வேண்டும்? 1994க்கு முன் அன்றாடச் செலவும் பெரும்பாலும் உள்ளூர்ச் சொத்து வரியையே நம்பியிருந்தது. கால்காஸ்கா என்ற சிற்றூரின் வாக்காளர்கள் வரியை நிராகரித்ததால், 1993 மார்ச்சிலேயே அங்கே பள்ளிகளை மூட நேர்ந்தது. அதற்கு மறு ஆண்டு மார்ச் மாதம் மாநில வாக்காளர்கள் ஏற்ற ‘ப்ரொபோசல் ஏ’ விற்பனை வரியை 4 விழுக்காட்டிலிருந்து 6 விழுக்காடாக உயர்த்தி, அன்றாடச் செலவின் பெரும்பகுதியை மாநிலத்திடம் ஒப்படைத்தது. கட்டடங்களை அது தொடவில்லை. அவை பெரும்பாலும் ஊர்ப் பொறுப்பாகவே நின்றுவிட்டன.

ஒரு மில் என்பது வரிக்குரிய மதிப்பில் 1,000 டாலருக்கு 1 டாலர். சட்டம் அனுமதிக்கும் உச்ச அளவு 3 மில், அதிகபட்சக் காலம் 10 ஆண்டுகள். 2017க்கு முன் இவை 5 மில், 20 ஆண்டுகளாக இருந்தன. வரிக்குரிய மதிப்பு சந்தை விலைக்குச் சமமன்று என்பதில்தான் பலரும் குழம்புகிறார்கள். மாநிலம் வீட்டின் சந்தை மதிப்பில் பாதியையே கணக்கில் கொள்கிறது; அதுவும் ஒருவர் வீட்டை வாங்கிய பிறகு, அவர் புதிதாக எதையும் கட்டிச் சேர்க்காதவரை, பணவீக்கம் அல்லது 5 விழுக்காடு, இவற்றில் எது குறைவோ அந்த அளவுக்கு மேல் ஆண்டுதோறும் உயராது. வீடு கைமாறினால் அடுத்த ஆண்டு அந்தத் தடுப்பு நீங்கிவிடும். ஆகவே 4,00,000 டாலர் பெறும் இரண்டு வீடுகள் அடுத்தடுத்து இருந்தாலும், சென்ற ஆண்டு வாங்கியவருக்கு வரிக்குரிய மதிப்பு 2,00,000 ஆகவும், இருபது ஆண்டுகளாகக் குடியிருப்பவருக்கு 1,30,000 ஆகவும் இருக்கக்கூடும். 1 மில் வரிக்கு முன்னவர் ஆண்டுக்கு 200 டாலரும் பின்னவர் 130 டாலரும் செலுத்துவார்கள். உங்கள் தொகையை அறிய வரி ரசீதில் ‘டாக்ஸபிள் வேல்யூ’ என்றிருக்கும் எண்ணை எடுத்து, 1,000ஆல் வகுத்து, மில்லால் பெருக்கினால் போதும்.

அன்றாடச் செலவுக்கான 18 மில் வரியிலிருந்து சொந்த வீட்டில் குடியிருப்போருக்கு விலக்கு உண்டு. சிங்கிங் ஃபண்டுக்கு அந்த விலக்கு கிடையாது. வீடு, கடை, தொழிற்கூடம் எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

இந்தப் பணத்தைக் கொண்டு பள்ளிக்கு நிலம் வாங்கலாம், கட்டடம் கட்டலாம், பழுதுபார்க்கலாம், பாதுகாப்பு வசதிகளையும் கணினி வசதிகளையும் மேம்படுத்தலாம். 2023இல் வந்த திருத்தம் பள்ளிப் பேருந்துகளையும் இதில் சேர்த்தது. ஆசிரியர் சம்பளம், நிர்வாகச் செலவு ஆகியவற்றுக்குத் தொடக்கூடாது. ஒழுகும் கூரையை மாற்றலாம். அந்தக் கூரையின் கீழ் தரையைத் துடைப்பவரின் கூலியைக் கொடுக்க முடியாது. கணக்கு தணிக்கைக்கு உட்பட்டது. பணம் வேறு வழியில் சென்றதாக மாநிலக் கருவூலத் துறை முடிவு செய்தால், பள்ளி மாவட்டம் (ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் உள்ளூர் அமைப்பு) தன் அன்றாட நிதியிலிருந்து அதைத் திருப்பி வைக்க வேண்டும். அதன் பிறகு அந்த வரியை விதிக்கவும் இயலாது. இத்தனை கடுமையான தண்டனை இருப்பதே வாக்காளருக்கு நல்ல காவல் என்பது என் கருத்து.

பத்திர வெளியீட்டுக்கான வாக்கெடுப்பிலிருந்து இது வேறுபட்டது. பத்திரத்தில் மாவட்டம் முதலில் கடன் வாங்கி, பின்னர் வட்டியோடு வரியால் அடைக்கிறது. சிங்கிங் ஃபண்டில் கடனும் இல்லை, வட்டியும் இல்லை. அந்தந்த ஆண்டு வருவதை வைத்தே வேலை நடக்கும். புதிய பள்ளி எழுப்ப இது பெரும்பாலும் போதாது, ஆனால் கொதிகலன், சன்னல், வாகன நிறுத்தத் தளம் போன்றவற்றுக்கு இதுவே சிக்கனமான வழி. மறைக்க முடியாத குறை ஒன்றும் உண்டு: விலை உயர்ந்த வீடுகள் நிறைந்த மாவட்டத்தில் 1 மில் அள்ளித் தரும் தொகையை, ஏழை மாவட்டம் 3 மில் விதித்தும் எட்ட முடியாமல் போகலாம்.

வாக்குச்சீட்டில் ‘புதுப்பித்தல்’ என்றிருந்தால், ஏற்கெனவே செலுத்தி வரும் வரி தொடரும் என்று பொருள். ‘புதிய கூடுதல் வரி’ என்றிருந்தால் ரசீது கூடும். 0.9 சொச்சம் என்பது போல் ஒழுங்கற்ற எண் கண்ணில் பட்டால் வியக்க வேண்டாம். ஊரின் மொத்தச் சொத்து மதிப்பு பணவீக்கத்தைவிட வேகமாக வளரும்போது, மாநில அரசியலமைப்பில் 1978இல் வந்த ஹெட்லி திருத்தம் மில்லைத் தானாகவே குறைத்துவிடுகிறது.

சாதாரணப் பெரும்பான்மை கிடைத்தால் வரி நிறைவேறும். வரி ரசீதே வராத வாடகைக் குடியிருப்பாளரும், மாவட்டத்துக்குள் வசிக்கும் பதிவு பெற்ற வாக்காளர் என்றால் வாக்களிக்கலாம். சொந்த வீட்டுக்கு ஆண்டுதோறும் வரி கட்டும் கிரீன் கார்டு வைத்திருப்பவருக்கோ, குடியுரிமை பெறும் வரை அந்த உரிமை இல்லை; நம்மவர்களில் பலர் இந்த நிலையில்தான் இருக்கிறார்கள். பெயரை இன்னும் பதியாத குடிமக்கள், வசிப்பிடச் சான்றுடன் தங்கள் நகர அல்லது டவுன்ஷிப் கிளார்க் அலுவலகத்துக்கு நேரில் சென்றால், தேர்தல் நாளன்று இரவு 8 மணி வரை பதிந்துகொள்ளலாம்.