100 செம்மறிக்கு 10 லட்சம் மானியம்: கடலூர், புதுவையில் விண்ணப்பிப்போர் கவனத்துக்கு

தேசிய கால்நடை இயக்கத்தின் தொழில்முனைவோர் திட்டத்தில் செம்மறி அல்லது வெள்ளாட்டு இனப்பெருக்கப் பண்ணை அமைத்தால், திட்டச் செலவில் பாதியை ஒன்றிய அரசு மூலதன மானியமாகத் தருகிறது. 100 பெட்டை, 5 கடா கொண்ட பண்ணைக்கு உச்சவரம்பு 10 லட்சம் ரூபாய். 200 பெட்டை, 10 கடாவுக்கு 20 லட்சம். இப்படியே ஏறி 500 பெட்டை, 25 கடாவுக்கு 50 லட்சம். 2021-22இல் திட்டத்தைத் திருத்தியபோது 500 பெட்டைக்குக் குறைந்த பண்ணைக்கு இடமே இல்லை. சிறிய அளவுகள் பிறகுதான் சேர்ந்தன. நம் பக்கத்து விவசாயிக்குக் கட்டுப்படியாவது 100 தான்.

பாதி என்றால் செலவில் பாதி. 10 லட்சம் என்பது அதற்கு மேல் போகாத வரம்பு. 16 லட்சத்தில் பண்ணை போட்டால் மானியம் 8 லட்சம். 24 லட்சம் செலவு காட்டினாலும் 10 லட்சம்தான். கொட்டகை, தாய் ஆடு, கடா, தீவனப் பயிர், புல் நறுக்கும் இயந்திரம், காப்பீடு எல்லாம் கணக்கில் வரும். நிலம் வாங்குவது, வாடகை, சொந்த வண்டி வராது.

இது இனப்பெருக்கப் பண்ணைக்கான மானியம். சந்தையில் குட்டி வாங்கி நான்கு மாதம் கொழுக்க வைத்து பக்ரீத்துக்கு விற்பதற்கு இதில் இடமில்லை.

கம்பளியும் கறியும் சேர்ந்து வருமா?

திட்ட அறிக்கை எழுதித் தருபவர்கள் சிலர் வருமானப் பட்டியலில் கம்பளி என்று ஒரு வரி சேர்த்துவிடுகிறார்கள். கடலூரிலும் புதுவையிலும் அந்த வரியை அடித்துவிடுங்கள். இங்கே நிலைத்து நிற்கும் சென்னை சிவப்பு இனத்துக்கு உடம்பில் இருப்பது முடி, கம்பளி அல்ல. அது கறிக்கான ஆடு. திருச்சி கருப்பு, கோயம்புத்தூர் குறும்பை ஆடுகளில் கம்பளி உண்டு. ஆனால் முரட்டு ரகம், கம்பளிப் போர்வைக்கும் விரிப்புக்கும்தான் போகும். கத்தரிக்கும் கூலியைக் கழித்தால் கையில் நிற்பது சொற்பம்.

மெல்லிய கம்பளியும் கறியும் சேர்ந்து வேண்டுமென்றால் குளிர்ந்த மலை வேண்டும். நீலகிரி ஆட்டை சாண்டிநல்லா ஆராய்ச்சி நிலையத்திலும், பாரத் மெரினோவைக் கொடைக்கானல் மன்னவனூரிலும் வளர்ப்பது அதனால்தான். அவற்றைக் கடலோர வெக்கைக்கு இறக்கினால் மூச்சிரைத்துத் தீனி குறையும், சினை பிடிப்பது தள்ளிப்போகும். சவுளி அமைச்சகத்தின் ஒருங்கிணைந்த கம்பளி மேம்பாட்டுத் திட்டம் தனி. ஜோத்பூரில் உள்ள மத்திய கம்பளி மேம்பாட்டு வாரியம் நடத்துவது. அதை இதோடு குழப்ப வேண்டாம்.

கம்பளி வரிக்குப் பதிலாக எருவையும், எருவுக்காக ஆட்டை வயலில் அடைக்கும் கிடையையும் எழுதுங்கள். நெல்லறுத்த வயலில் கிடை போட நம் மாவட்டத்தில் காசு கொடுத்துக் கூப்பிடுகிறார்கள். வங்கி மேலாளருக்கும் அது புரிகிற வருமானம்.

விண்ணப்பமும் பணமும்

தனிநபர், சுய உதவிக் குழு, கூட்டுப் பொறுப்புக் குழு, உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் யாரும் விண்ணப்பிக்கலாம். ஆடு வளர்ப்பில் பயிற்சியோ அனுபவமோ இருக்க வேண்டும். பயிற்சிக்குக் கடலூரில் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பயிற்சி மையம், விருத்தாசலத்தில் வேளாண் அறிவியல் நிலையம், புதுவையில் குரும்பாப்பட்டு வேளாண் அறிவியல் நிலையம் இருக்கின்றன. சான்றிதழை முதலில் வாங்கிவிடுங்கள்.

ஆதார், பான், வங்கிக் கணக்கு விவரம், திட்ட அறிக்கை, பட்டா, சிட்டா ஆகியவற்றோடு உத்யமிமித்ரா இணையதளத்தில் பதிய வேண்டும். குத்தகை நிலமும் செல்லும். ஒப்பந்தம் பதிவு செய்ததாகவும், கடன் முடியும் வரை நீள்வதாகவும் இருந்தால்தான் வங்கி சம்மதிக்கும். கூட்டுப் பட்டாவில் மற்ற பங்காளிகளின் சம்மதக் கடிதம் இல்லாமல் போவது, விண்ணப்பம் தேங்குவதற்கு அடிக்கடி காணும் காரணம். மாநிலச் செயலாக்க முகமை விண்ணப்பத்தைச் சரிபார்க்கும், வங்கி கடன் ஒப்புதல் தரும், மாநிலக் குழு பரிந்துரைக்கும், பிறகு டெல்லி. கடலூர்க்காரர்கள் கால்நடை பராமரிப்புத் துறையின் மண்டல இணை இயக்குநர் அலுவலகத்திலும், புதுவைக்காரர்கள் தங்கள் கால்நடைத் துறையிலும் தொடக்கத்திலேயே பேசிவிடுவது நல்லது.

பலர் சறுக்குவது பணம் வரும் வரிசையில். மானியம் சிட்பி (இந்தியச் சிறுதொழில் வளர்ச்சி வங்கி) வழியாக இரண்டு தவணையாக வரும். வங்கி கடனின் முதல் தவணையை விடுவித்த பிறகுதான் மானியத்தின் முதல் பாதி. பண்ணை முடிந்து, ஆடு வந்து, அதிகாரிகள் பார்த்துச் சான்று தந்த பிறகே மறுபாதி. சொந்தப் பணத்தில் செய்பவரும் வங்கியிடம் திட்டத்தை மதிப்பிட்டு வாங்க வேண்டும். கட்டுமானத்தில் 25 சதவீதம் செலவழித்துக் காட்டிய பிறகே முதல் தவணை. ஆகவே மேலே சொன்ன 16 லட்சக் கணக்கில், கடைசி 4 லட்சம் வரும்வரை தாக்குப்பிடிக்கும் அளவுக்குக் கடனும் கைக்காசும் இருக்க வேண்டும். மானியத்தை நம்பி வட்டிக்கு வாங்கிக் கொட்டகை கட்டுபவர், ஆடு வாங்கும் நேரத்தில் கையைப் பிசைவார்.

கொட்டகை, தீவனம், ஆடு

பெட்டைக்கு 10 சதுர அடி, தனியாக அடைக்கும் கடாவுக்கு 35, குட்டிக்கு 4 என்று வைத்தால் 100 ஆட்டுப் பண்ணைக்கு ஏறக்குறைய 1,600 சதுர அடிக் கூரை. அதைப்போல் இரு மடங்கு திறந்த வெளி. நமக்கு மழை ஐப்பசி, கார்த்திகையில் கொட்டும். தரையை மேட்டில் போடாவிட்டால் குளம்பு அழுகலும் குட்டிச் சாவும் அந்த இரண்டு மாதத்திலேயே கணக்கைத் தின்றுவிடும்.

கொட்டிலிலேயே வளர்த்தால் பெரிய ஆட்டுக்கு நாளைக்கு 3 முதல் 4 கிலோ பசுந்தீவனம். 100 ஆட்டுக்கு 350 கிலோ போல ஆகும். கம்பு நேப்பியர், தீவனச் சோளம், வேலிமசால் என்று கலந்து பாசன வசதியோடு 3 ஏக்கர் வைத்துக்கொள்ளுங்கள். மேய்ச்சல் இருந்தால் குறைக்கலாம். கடன் வந்ததும் முதல் வேலை புல் கரணை நடுவது. ஆடு வந்த பிறகு புல் நட்டால் இரண்டு மாதம் விலைக்கு வாங்கிப் போட வேண்டியிருக்கும். மாட்டுக்கான தாது உப்பைச் செம்மறிக்குக் கொடுக்காதீர்கள். தாமிரம் கூடினால் ஈரல் கெட்டு ஆடு சாகும்.

வேப்பூர்ச் சந்தையில் ஒரே நாளில் 100 பெட்டை பிடித்துவிடலாம்தான். ஆனால் பல பட்டி ஆடுகள் கலந்த கூட்டத்தில் எது எந்த நோயோடு வருகிறது என்று யாருக்கும் தெரியாது. கழித்துவிட்ட கிழட்டு ஆடும், சினை பிடிக்காததும் அங்கேதான் வரும். இரண்டு முதல் நான்கு நிலைப்பல் முளைத்த இளம் பெட்டையாக, தெரிந்த பட்டிகளில் சிறுசிறு தொகுதியாக வாங்கி, மூன்று வாரம் ஒதுக்கி வைத்துப் பட்டியில் சேருங்கள். 5 கடாவும் ஒரே பட்டியிலிருந்து வேண்டாம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கடாவை மாற்றாவிட்டால் அப்பனே மகளைச் சேரும். குட்டி சிறுத்து, சாவு கூடும். சினைக்காலம் 5 மாதம் என்பதால், மழையில் குட்டி விழாதபடி வைகாசி முதல் ஆடி வரை கடாவைப் பிரித்து வைப்பது இங்கே பொருந்தும்.

துள்ளுமாரி, நீலநாக்கு தடுப்பூசிகளை மழைக்கு முன்பே போட வேண்டும். ஆட்டுக்கொல்லி நோய்க்கு அரசு முகாமில் இலவசமாகப் போடுகிறார்கள்.

கால்நடைக் காப்பீட்டில், ஒன்றிய அமைச்சரவையின் 2024 பிப்ரவரி முடிவின்படி பயனாளி கட்ட வேண்டியது பிரீமியத்தில் 15 சதவீதம். ஒருவருக்கு 10 கால்நடை அலகு வரை, அதாவது 100 செம்மறி வரை சலுகை உண்டு. எனவே 105 ஆட்டில் ஐந்து வெளியே நிற்கும். அதற்குத் தனியாகப் பாலிசி எடுக்க வேண்டும். செத்த ஆட்டின் காதில் எண் போட்ட அடையாள வில்லை இல்லையென்றால் இழப்பீடு கிடைக்காது. வில்லை கழன்று விழுந்தால் அன்றே கால்நடை உதவி மருத்துவரிடம் சொல்லி மாற்று வில்லை போட்டு, புது எண்ணைக் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள்.