கூகைக்கு மூக்குக் கண்ணாடியும் வேண்டாம், கம்படியும் வேண்டாம்

போன செவ்வாய்க்கிழமை இரவு பத்தரை மணி இருக்கும். வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. சிமெண்டுத் தரையில் மூன்று வெள்ளைப் பஞ்சு உருண்டைகள், பக்கத்தில் ஒரு மூங்கில் கம்பு, ஒரு ஜப்பான் செருப்பு. கூடவே குரல் பதிவு: "அண்ணே, நீங்கதானே பறவை படமெல்லாம் போடுறது, இது என்ன சாமான்னு பாத்துச் சொல்லுங்க, எங்க அப்பா ஆஸ்பத்திரியில இருக்காரு, இது சீலிங்ல உக்காந்துகிட்டு ராத்திரி பூரா சீறுது."

மூன்றும் கூகைக் குஞ்சுகள், ஆந்தையில் ஒரு வகை. நான் போய்ச் சேர்ந்தபோது, கம்படி பட்டு இரண்டு உருண்டைகளுக்கு உயிர் இல்லை. மூன்றாவது, ஆகச் சின்னது, கம்பைப் பார்த்துச் சீறிக்கொண்டிருந்தது. இந்த வருஷத்தில் எனக்குத் தெரிந்து கூகையைக் கம்பால் அடித்தது இது நான்காவது தடவை. அதனால்தான் வழக்கமாக இங்கே போடுகிற கல்யாண கேரிகேச்சர்களை நிறுத்திவிட்டு இதை எழுதுகிறேன். கொஞ்சம் கோபமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பறவை டாக்டர் இல்லை. மலேசியாவில், சிலாங்கூர் மாநிலத்துப் பத்தாங் பெர்ஜுந்தையில், அதாவது சைன்போர்டில் பெஸ்தாரி ஜெயா என்று எழுதியிருக்கும் எங்கள் ஊரில், இருபது வருஷத்துக்கு மேலாகக் கார்ட்டூன் போட்டுப் பிழைக்கிறவன். நான்கு பக்கமும் செம்பனைத் தோட்டம். என் தாத்தா காலத்தில் அதெல்லாம் பால்மரம், அதாவது ரப்பர். ஆள் முகத்தைப் பார்த்து ஐந்து நிமிஷத்தில் அதில் எது தனியாக நிற்கிறது என்று பிடிப்பது என் தொழில். (மூக்கைப் பெரிதாக்கினால் கேரிகேச்சர் என்று நினைக்கிறவர்களுக்குத் தனியாக ஒரு நாள் எழுதுகிறேன்.) அந்தத் தொழிலை வைத்துக்கொண்டு கூகையின் முகத்தைப் பற்றி நான் பேசலாம் என்று நினைக்கிறேன். மேலும், இதில் எனக்கும் பங்கு இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் அந்தச் சகுனக் கதை. எனக்கு இதில்தான் எரிச்சல். ஆந்தை அலறினால் அந்த வீட்டில் சாவு விழும் என்று படித்தவர்கள், ஆசிரியர்கள், கம்ப்யூட்டரில் வேலை செய்கிற பிள்ளைகள் எல்லோரும் சொல்கிறார்கள். ஒரு தடவை அலறினால் சாவு, இரண்டு தடவை அலறினால் நினைத்த காரியம் கைகூடும் என்று எண்ணிக்கைக் கணக்கு வேறு. சரி, கணக்கு என்றால் ஒழுங்காகப் போடுவோம். நம் தோட்டங்களில் இருக்கிற வெள்ளைக் கூகை "ஊ ஊ" என்று எண்ணி எண்ணிக் கூவுகிற சாதியே இல்லை. பழைய துணியைக் கிழிப்பது போல நீளமாக ஒரே கீச்சு, அவ்வளவுதான். அதன் குஞ்சுகள் பிரஷர் குக்கர் மாதிரி விடிய விடியச் சீறும், பசி. ஒன்று, இரண்டு என்று எண்ண அதில் என்ன இருக்கிறது?

அடுத்தது, "அலறுச்சு, மறுவாரமே பாட்டி போயிட்டாங்க" என்கிற சாட்சி. நோயாளி இருக்கிற வீட்டில் ராத்திரி இரண்டு மணிக்கு யாராவது ஒருவர் விழித்திருப்பார், விளக்கு எரியும், வாசலில் நாற்காலி போட்டு ஒரு மாமா உட்கார்ந்திருப்பார். அவர் காதில் விழுகிறது. மற்ற வீடுகளில் ஏர்கானைப் போட்டுக்கொண்டு குறட்டை விடுகிறோம். கூகை அந்தக் கூரைகளிலும்தான் வருஷம் முழுக்கக் கத்துகிறது, யாருக்குத் தெரியும்? அது கத்தியும் யாரும் சாகாத முந்நூறு இரவுகளை எந்த வீட்டிலும் காலண்டரில் குறித்து வைப்பதில்லை. போன வாரம் அந்த வீட்டு அப்பா, கம்பு எடுத்த மறுநாள் நல்லபடியாக டிஸ்சார்ஜ் ஆகி வந்தார். பார்த்தீர்களா, அடித்ததால்தான் பிழைத்தார் என்று இப்போது அதற்கும் ஒரு கதை ஓடுகிறது! தோற்றாலும் ஜெயித்தாலும் பழி பறவைக்குத்தான்.

சங்க காலத்திலேயே சொல்லியிருக்கிறது என்று ஒருவர் வாதாடினார். சொல்லியிருக்கிறதுதான், சுடுகாட்டைப் பாடுகிற இடத்தில் கூகை வருகிறது. ஆனால் நற்றிணை 83-ஐயும் எடுத்துப் பாருங்கள். ஊர் வாசலில் பழைய மரத்தில் குடியிருக்கும் கூகையிடம் தோழி கெஞ்சுகிறாள்: ஆட்டுக்கறி போட்ட நெய்ச்சோறு தருகிறோம், வெள்ளெலிச் சூட்டுக்கறியும் சேர்த்துத் தருகிறோம், தயவுசெய்து இன்று ராத்திரி கத்தாதே என்று. காரணம் சாவு பயம் இல்லை. காதலன் வருகிற நேரம், இது கத்தினால் ஊர் விழித்துக்கொள்ளும்! அஞ்ச வைக்கும் குரல் என்று அவளும்தான் சொல்கிறாள், ஆனால் கம்பைத் தூக்கவில்லை, கறி தருகிறேன் என்கிறாள். அதற்கு எலி பிடிக்கும் என்பதும் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. நமக்குத்தான் மறந்துபோனது. வங்காளத்துக்காரர்களுக்கு லட்சுமியின் வாகனமே வெள்ளை ஆந்தை, வீட்டுக்கு வந்தால் பணம் வந்த மாதிரி. மலாய்க்காரர்கள் பொதுவாக 'புருங் ஹந்து' என்பார்கள், பேய்ப் பறவை. ஆனால் கிட்டாத காதலுக்கு ஏங்குகிறவனை நிலவுக்கு ஏங்கும் 'புங்குக்' என்று சொல்வதும் அவர்கள்தான். ஒரே பறவைதான், ஊருக்கு ஒரு வேஷம் போட்டு விடுகிறோம்.

என் பங்கு என்று சொன்னேனே, அது இந்த வேஷம் கட்டுகிற வேலைதான். கார்ட்டூனில் சுருக்கெழுத்து மாதிரி சில சாமான்கள் உண்டு. ஊழல் என்றால் பண மூட்டை, பேய் வீடு என்றால் மொட்டை மரம், மரத்தில் ஓர் ஆந்தை. எத்தனை போட்டிருப்பேன்! ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரே வாரத்தில் இரண்டு வேலை வந்தது. ஒன்று பள்ளி நூலகச் சுவருக்கு மூக்குக் கண்ணாடி போட்ட ஆந்தை, கையில் புத்தகம். இன்னொன்று ஒரு நாடக நோட்டீசுக்குச் 'சாவு வீட்டு ஆந்தை', கண்ணில் சிவப்பு மை. இரண்டுக்கும் காசு வாங்கினேன். ஒரே ஊரில் ஒரே பறவை ஒரு சுவரில் பேராசிரியர், இன்னொரு சுவரில் எமனுடைய கிராணி, அதாவது கணக்குப்பிள்ளை. அப்போதுதான் நான் ஒரு கூகையைக்கூட நேரில் உட்கார்ந்து வரைந்ததில்லை என்று உறைத்தது. முகம் பார்க்காமல் கேரிகேச்சர் போட்டிருக்கிறேன், எங்கள் தொழிலில் அதைவிடக் கேவலம் கிடையாது.

அதற்குப் பிறகு தோட்டத்துத் தண்டல் (வேலையாட்களை மேற்பார்ப்பவர்) ஒருவரிடம் கேட்டு, கூகை தங்குவதற்கென்று தோட்டத்தில் வைத்திருக்கும் பெட்டி ஒன்றுக்கு எதிரே சாயங்காலம் ஏழு மணிக்குப் போய் உட்கார ஆரம்பித்தேன். கொசுவத்தி, ஒரு டார்ச்சு, கறுப்புப் பிரஷ் பேனா. முதல் நாலைந்து நாள் படம் வரவே இல்லை. வெள்ளைப் பறவையைக் கறுப்பு மையால் எப்படிப் போடுவது? கடைசியில் பறவையைப் போடாமல் இரவைப் போட்டேன். சுற்றிலும் மை, நடுவில் காகிதத்தை அப்படியே விட்டுவிட்டேன். இதய வடிவில் ஒரு முகம், இரண்டு கறுப்புப் புள்ளி. அது சாட்டிலைட் டிவி தட்டு மாதிரி சத்தத்தைக் கூட்டிப் பிடிக்கிற முகம். அந்த இறகு ஓரத்துக்குப் பின்னால் காதுத் துளைகள், ஒன்று மேலே, ஒன்று கீழே. மனித முகத்திலும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்காது, கேரிகேச்சர் போடுகிறவனுக்கு அந்தக் கோணல்தான் சோறு. கூகைக்கும் அதே கோணல்தான் சோறு போடுகிறது: சத்தம் ஒரு காதுக்கும் இன்னொரு காதுக்கும் வருகிற வித்தியாசத்தில் எலி எங்கே என்று அதற்குத் தெரிந்துவிடும். பின்னாளில் திமிங்கிலப் பாட்டுக்குப் பெயர் பெற்ற ரோஜர் பெய்ன் கும்மிருட்டு அறையில் கூகையை விட்டுப் பார்த்து இதைக் காட்டினார். கண்ணை உருட்ட அதற்கு முடியாது, அதனால்தான் கழுத்தை முக்கால் வட்டம் திருப்புகிறது, உங்களை முறைப்பதற்கு இல்லை.  

பெட்டிக்குக் கீழே கிடந்த உருண்டைகளைப் பொறுக்கி வீட்டுக்குக் கொண்டுவந்து வெந்நீரில் ஊறப்போட்டேன் (வீட்டுக்காரியின் பழைய சட்டியில், அந்தக் கதை வேண்டாம்). அது எச்சம் இல்லை, செரிக்காத மயிரையும் எலும்பையும் கூகை வாயால் கக்குவது. பிரித்தால் ஓர் உருண்டையில் இரண்டு எலி மண்டை, முன்பல் ஆரஞ்சு நிறத்தில் அப்படியே இருந்தது. ஒன்பது உருண்டையில் பதினாறு மண்டை, எல்லாம் எலி. ஆராய்ச்சிக்காரர்கள் சொல்வதும் இதுதான், செம்பனைத் தோட்டத்துக் கூகை தின்பதில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் எலிதான். எலி செம்பனைப் பழத்தைக் கடிக்கும் என்பது தோட்டத்தில் பிறந்த யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. அதனால்தான் 1970-களிலிருந்து தோட்டங்களில் பெட்டி வைத்துக் கூகையைக் கூப்பிட்டு வளர்க்கிறார்கள். செம்பனை வருவதற்கு முன் மலாய்த் தீபகற்பத்தில் இது அபூர்வப் பறவை.

சரி, இனி செய்யக் கூடாதவை. கொஞ்சம் அதட்டலாகவே சொல்கிறேன்.

தோட்டத்தில் கம்பத்தின் மேல் இருக்கும் பெட்டியில் ஏறாதீர்கள். அது புறாக் கூடு இல்லை, பலகைக் கடையும் இல்லை. போன மாதம் யாரோ ஒரு பெட்டியைக் கழற்றிக் கோழிக் கூண்டுக்குக் கதவு போட்டிருந்தார்கள், பார்த்தேன்.

தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளில் கண்ட இடத்தில் எலி மருந்து வைக்காதீர்கள், கடையில் விற்கிற கலர் மெழுகுக் கட்டியைத்தான் சொல்கிறேன். மருந்துப் பெட்டியில் 'புரோடிபாகம்' என்கிற விஷத்தின் பெயர் எழுதியிருந்தால் தயவுசெய்து வாங்காதீர்கள். எலி உடனே சாகாது, சில நாள் தள்ளாடிக்கொண்டு வெளியே திரியும், அதைக் கூகைதான் முதலில் பிடிக்கும், அந்த விஷம் அதையும் கொல்லும். அப்புறம் எலி பெருகிவிட்டது, எலி மூத்திரக் காய்ச்சல் என்று நகராண்மைக்குப் புகார் எழுதுவீர்கள். எலிப் பொறி வாங்குங்கள், மீன் தலை வையுங்கள், குப்பைத் தொட்டிக்கு மூடி போடுங்கள்.

சீலிங்கில் குஞ்சு இருந்தால் இரண்டு மாதம் பொறுங்கள். அதற்குள் பறந்துவிடும். பிறகு ஓட்டை அடைக்கலாம், நானே ஆள் பிடித்துத் தருகிறேன். குஞ்சுகள் ஒன்றுக்கொன்று சின்னதாகப் படிக்கட்டு மாதிரி இருந்தால் நோய் என்று பயப்படாதீர்கள், முட்டைகள் இரண்டு மூன்று நாள் இடைவெளியில் பொரிகின்றன, அவ்வளவுதான். கீழே விழுந்த குஞ்சுக்குப் பால், சோறு, ரொட்டி எதுவும் ஊட்டாதீர்கள். துணியில் பிடித்து அட்டைப்பெட்டியில் இருட்டாக வைத்துவிட்டு பெர்ஹிலித்தானை, அதாவது வனவிலங்குத் துறையைக் கூப்பிடுங்கள். அழகாக இருக்கிறது என்று வீட்டில் வைத்துக்கொள்வதும் வேண்டாம், வீடியோ எடுத்து லைக் வாங்குவதும் வேண்டாம்.

பிள்ளைகளிடம் மட்டும் வேறு மாதிரிப் பேசுங்கள் அம்மா, ஐயா. ஓவியப் போட்டிக்கு நடுவராகப் போகும்போது பார்க்கிறேன், நம் பிள்ளைகள் ஆற்றை நீலமாகப் போடுகிறார்கள், சிலாங்கூர் ஆறு வாசலில் தே தாரே (ஆற்றிய பால் தேநீர்) நிறத்தில் ஓடுகிறது. கூகைக்குச் சிவப்புக் கண். யாரோ போட்ட படத்தைப் பார்த்துத்தானே போடுகிறார்கள், அதில் என்னுடையதும் இருக்கும். இந்தியக் கார்ட்டூனிஸ்ட் ஆர். கே. லட்சுமணன் காக்கையை எவ்வளவு ஆசையாக வரைந்தார்! எல்லோரும் விரட்டுகிற அந்தக் காக்கையைத்தான், வாழ்நாள் முழுக்க. ஒரு நாள் சாயங்காலம் பிள்ளையைத் தோட்ட ஓரத்துக்குக் கூட்டிப் போங்கள், பென்சில் மட்டும் போதும்.

அந்த மூன்றாவது குஞ்சு பிழைத்தது. ராத்திரி அதைப் பெட்டியில் வைத்துக் கூரை ஓட்டைக்குப் பக்கத்திலேயே கட்டி வைத்தோம், ஒரு மணி சுமாருக்குத் தாய் வந்தது, வாயில் எலி. அந்த வீட்டுத் தம்பி என் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, "சத்தமே இல்லாம வந்துச்சுண்ணே" என்றான். கம்பை அவனே கொண்டுபோய் வேலி ஓரத்தில் சாத்தி வைத்தான்.

உங்கள் கூரையில் சத்தம் கேட்டால் கம்பு எடுப்பதற்கு முன்னால் எனக்கு ஒரு மெசேஜ் போடுங்கள், வருகிறேன், காசு வேண்டாம். வெள்ளிக்கிழமை மட்டும் ராத்திரி பதினொரு மணிக்கு மேல், அதுவரை பசார் மாலத்தில் (இரவுச் சந்தையில்) ஒரு முகம் பதினைந்து வெள்ளி (ரிங்கிட்) என்று வரைந்துகொண்டு உட்கார்ந்திருப்பேன்.