எம்மா பீலின் கறுப்பு வெள்ளைக் கோடுகள்

1965-இல் பிரிட்டனின் ஐடிவியில் ஓடிக்கொண்டிருந்த ‘தி அவெஞ்சர்ஸ்’ துப்பறியும் தொடருக்குள் எம்மா பீல் வந்தார். நடித்தவர் டயானா ரிக். அவருக்காக ஜான் பேட்ஸ் வடிவமைத்த உடைகளில் பளிச்சென்ற கறுப்பு வெள்ளைப் பட்டைகள். கோடு போட்ட துணியே கூடாது என்று தொலைக்காட்சிக்காரர்கள் சொல்லிவந்த காலம் அது. அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது.

அன்றைய பிரிட்டிஷ் திரைக்கு 405 கிடைக்கோடுகள். படமாகத் தெரிபவை 377. அவையும் ஒரேயடியாக வராது. முதலில் ஒன்றுவிட்டு ஒன்றாக ஒரு பாதி, அப்புறம் விட்டுப்போன மறுபாதி. இப்படி விநாடிக்கு 25 முறை.

170 செ.மீ. உயரமுள்ளவர் தலை முதல் கால் வரை திரையில் தெரிகிறார் என்று வையுங்கள். அவருக்குக் கிடைப்பது சுமார் 340 கோடுகள். அதாவது அரை சென்டிமீட்டருக்கு ஒன்று. துணியிலும் அதே அளவில் குறுக்குக்கோடு இருந்தால் அது ஒரு பாதியில் விழும், மறுபாதியில் விழாது. சட்டை மினுக்கும். ஆள் அசைந்தால் துணியில் இல்லாத அலைகள் நெளியும். கொசுவலையை இரண்டாக மடித்து வெளிச்சத்தில் பிடித்து லேசாக நகர்த்திப் பாருங்கள், அதே அலைதான். தொடரை ஃபிலிமில் எடுத்தாலும் தப்ப முடியாது. ஒளிபரப்பும்போது படம் கோடுகளாகப் பிரிந்தே ஆகவேண்டும்.

ஆனால் பட்டை அகலமானால் கதை வேறு. ஐந்து சென்டிமீட்டர் பட்டை பத்துக் கோடுகளை நிரப்பிவிடும். விளிம்பு கொஞ்சம் நடுங்கலாம், நடுப்பகுதி அசையாது.

இன்னொன்றும் உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். கறுப்பு வெள்ளைத் திரைக்கு நிறம் தெரியாது, வெளிச்சம்தான் தெரியும். அரக்குச் சிவப்பும் இலைப்பச்சையும் நேரில் எவ்வளவு எடுப்பாக இருந்தாலும், திரையில் இரண்டும் ஏறக்குறைய ஒரே சாம்பலாகிவிடலாம். செல்போனில் ஒரு படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றினாலே புரிந்துவிடும். வெளிச்ச வேறுபாட்டில் கறுப்புக்கும் வெள்ளைக்கும் மிஞ்சிய ஜோடி கிடையாது. அந்தத் திரைக்கென்றே பிறந்த உடைகள் பேட்ஸுடையவை.

1967-இல் அமெரிக்கச் சந்தைக்காகத் தொடர் வண்ணத்துக்கு மாறியது. ஆலன் ஹியூஸ் எம்மாவுக்குப் பளீர் நிறங்களில் ஒட்டிய முழு உடைகளைத் தைத்துக் கொடுத்தார். அமெரிக்கர்கள் அவற்றை வண்ணத்தில் பார்த்தார்கள். ஐடிவிக்கு வண்ணம் வந்ததோ 1969 நவம்பரில், தொடர் முடிந்த பிறகு. பிரிட்டனில் முதல் ஒளிபரப்பைப் பார்த்தவர்களுக்கு அத்தனை நிறமும் சாம்பலாகவே தெரிந்தது.