கணினிப் பெட்டிக்குள் புகும் கடற்காற்று

மாரி தொடங்கியதும் திருகோணமலை வீடுகளின் குசினியில் உப்புப் போத்தல் கசியத் தொடங்கும். அதே கசிவு வரவேற்பறை மூலையிலுள்ள மேசைக் கணினியின் முதன்மைச் சுற்றுப்பலகையான மதர்போர்ட்டின் மீதும் நிகழ்கிறது என்பதை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. ஒருபுறம் உட்துறைமுகமும் மறுபுறம் டச்சுக் குடாவும் இருக்க, நடுவிலுள்ள ஒடுங்கிய நிலத்தில் அமைந்த நகரம் இது. இங்கே கணினியின் உட்புறத்தைச் சுத்தம் செய்வது தூசியை ஊதித் தள்ளுவதோடு முடிகிற காரியமன்று. உள்ளே தூசி, எண்ணெய், உப்பு என மூன்று பொருட்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கின்றன. ஒன்றை அகற்றும் வழி மற்றொன்றிடம் பலிப்பதில்லை.

முதலில் தூசி. 12 சென்ரிமீற்றர் அளவுள்ள சாதாரண விசிறி ஒன்று, தடை எதுவும் இல்லாதபோது நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒரு கனமீற்றர் காற்றை உள்ளே இழுக்கும். அப்படியானால் சிறிய அறை ஒன்றின் முழுக் காற்றும் ஒரு மணித்தியாலத்துக்குள் அந்தப் பெட்டியைக் கடந்து போய்விடுகிறது. துணிநார், மயிர், தோற்செதில், வீதிப் புழுதி, நுளம்புச் சுருளின் புகை ஆகிய அனைத்தும் அதனோடு போகின்றன. நீளமான நார்கள், புரொசெசரின் சூட்டை வாங்கி வெளிவிடும் உலோகத் தொகுதியான ஹீட் சிங்க்கின் தகடுகளுக்கு இடையிலுள்ள ஓரிரு மில்லிமீற்றர் இடைவெளியில் குறுக்காக மாட்டிக்கொள்ள, பின்னால் வரும் சிறு துகள்கள் அந்த நார்களில் சிக்குகின்றன. சில மாதங்களில் விசிறிக்கும் தகடுகளுக்கும் நடுவே கம்பளித் துண்டு போன்ற ஒரு படை உருவாகிவிடுகிறது. விசிறியைக் கழற்றினாலன்றி அது கண்ணுக்குத் தெரியாது என்பதால், பக்கக் கதவை மட்டும் திறந்து பார்த்துவிட்டு “உள்ளே சுத்தமாகத்தான் இருக்கிறது” என்று மூடிவிடுபவர்கள் பலர்.

அலுமினியம் காற்றைவிட ஏறத்தாழ 9,000 மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும். ஆனால் உலோகம் வெளிக்கொண்டுவந்த வெப்பத்தை எடுத்துச் செல்ல ஓடும் காற்று வேண்டும். கம்பளிப் படை அந்த ஓட்டத்தை மறித்துவிடுகிறது. வெப்பநிலை 100 பாகை செல்சியசை அண்மிக்கும்போது இன்றைய புரொசெசர்கள் பல, தம்மைக் காத்துக்கொள்வதற்காகத் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்கின்றன. கணினிக்கு வயதாகிவிட்டது என்று நாம் நினைப்பது பல வேளைகளில் இதைத்தான்.

ஊதினால் பெருந்தூசி பறந்துவிடும், மெல்லிய தூசி அப்படியே இருக்கும். காரணம் எளிமையானது. துகளொன்றின் விட்டம் பத்தில் ஒன்றாகக் குறைந்தால் அதன் நிறை ஆயிரத்தில் ஒன்றாகிவிடும். ஆனால் அதை மேற்பரப்போடு பிணைக்கும், மூலக்கூறுகளுக்கு இடையிலான ஈர்ப்பாகிய வந்தர்வாலிசு விசையோ பத்தில் ஒன்றாகத்தான் குறையும். ஆகவே சிறிய துகள் தன் அளவுக்குப் பொருந்தாத பிடிவாதத்தோடு ஒட்டியிருக்கிறது. போதாக்குறைக்கு, எவ்வளவு வேகமாகக் காற்றடித்தாலும் மேற்பரப்பை ஒட்டிய மிக மெல்லிய படையில் காற்று ஏறத்தாழ அசையாமலே நிற்கும். முகட்டு விசிறி நாள் முழுவதும் சுழன்றாலும் அதன் இதழ்களில் தூசி ஏறுவது இதனாலேயே. இத்தகைய தூசியை மென்மையான தூரிகை கொண்டு தொட்டு அசைத்துத்தான் எழுப்ப வேண்டும். எழுந்த பிறகு ஊதினால் போதும்.

அடுத்தது எண்ணெய். மீன் பொரிக்கும்போது சட்டியிலிருந்து எழும் நுண்துளிகள் அறை விட்டு அறை மிதந்து வரக்கூடியவை. தேங்காயெண்ணெயில் ஏறத்தாழ 90 சதவீதம் இரட்டைப் பிணைப்புகள் இல்லாத நிரம்பிய கொழுப்பமிலங்கள் என்பதால் அது எளிதில் இறுகாது. அது உறையும் வெப்பநிலை 24 பாகை செல்சியசை அண்டியது, ஆகவே நம் ஊரில் பெரும்பாலும் திரவமாகவே இருந்து, வருகின்ற தூசியையெல்லாம் பிடித்துவைத்துப் பசையாக்கும். சோயா போன்ற மரக்கறி எண்ணெய்களின் கதை வேறு. அவற்றிலுள்ள இரட்டைப் பிணைப்புகள் காற்றின் ஒட்சிசனோடு தாக்கமுற்று, கணினியின் சூட்டிலே ஒன்றோடொன்று பிணைந்து, காலப்போக்கில் வார்னிஷ் போன்ற மஞ்சள் தோலாக மாறிவிடும். முந்தியது ஐசோபுரோபைல் அற்ககோலில் நனைத்த பஞ்சுக்கு இலகுவாக வரும். பிந்தியது அற்ககோலுக்கு அவ்வளவாக இளகாது. கழற்றக்கூடிய வலைவடிகட்டியையும் வெளிப்பெட்டியையும் பாத்திரம் கழுவும் திரவம் கலந்த இளஞ்சூட்டு நீரால் கழுவலாம், விசிறியின் இதழ்களை அதே நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைக்கலாம். மண்ணெண்ணெய் தன் பங்குக்கு ஒரு எண்ணெய்ப் படலத்தை விட்டுச் செல்லும். தின்னர் பிளாஸ்ரிக்கையே கரைக்கும். இரண்டும் வேண்டாம்.

மூன்றாவதான உப்புத்தான் இங்குள்ள கணினிகளுக்கே உரிய தொல்லை. அலை உடையும்போது நுரைக்குமிழிகள் வெடித்துத் தெறிக்கும் நுண்துளிகள் காற்றில் உலர்ந்து உப்புத் துகள்களாகி, யன்னல் வழியே உள்ளே வருகின்றன. சாதாரண உப்பான சோடியம் குளோரைட்டு, காற்றின் ஈரப்பத அளவான சாரீரப்பதன் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சித் தானே கரைசலாகிவிடும். கடலுப்பில் கலந்துள்ள மகனீசியம் குளோரைட்டுக்கோ 33 சதவீதமே போதும். அந்தக் கரைசல் மின்னைக் கடத்தும். வோல்ற்றளவு வேறுபட்ட இரு செப்புத் தடங்களுக்கு இடையில் அது படர்ந்தால், ஒரு முனையில் உலோகம் அயனாகக் கரைந்து மறுமுனையில் படிந்து, நுண்ணிய கிளைகளாக வளர்ந்து குறுக்குப் பாலமாகிவிடும். ஓடிக்கொண்டிருக்கும் கணினி தன் சூட்டால் உட்காற்றை உலர்த்திவைக்கிறது. மாரியில் பல நாட்கள் பூட்டிவைத்த கணினிக்கு அந்தக் காப்பு இல்லை. விடுமுறை முடிந்து முதல் நாள் ஆளியைப் போடும்போது பழுதாவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இங்கேதான் பலருக்குத் தவறு நேர்கிறது. 99 சதவீத அற்ககோலே சிறந்தது என்று கேள்விப்பட்டு அதனால் மட்டும் துடைக்கிறார்கள். ஆனால் தூய ஐசோபுரோபைல் அற்ககோலில் உப்பு ஏறத்தாழக் கரைவதே இல்லை. எண்ணெய் போய்விடும், உப்பு இடம் மாறி வெண்மையாகப் படியும். உப்புக்கு நீர் வேண்டும். ஆகவே 70 சதவீத அற்ககோலால், அல்லது வாகன பற்றரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீரால் பஞ்சை ஈரமாக்கித் துடைத்து, அதன் பின்னர் 99 சதவீத அற்ககோலால் மீண்டும் துடைத்தால், எஞ்சிய நீரையும் அது தன்னோடு சேர்த்துக்கொண்டு ஆவியாகும். பற்றரி அமிலமும் இதேபோன்ற போத்தலில் விற்கப்படுவதால் வாங்கும்போது எழுத்தை வாசித்து வாங்க வேண்டும். கை கழுவும் அற்ககோலில் பெரும்பாலும் கிளிசரின் சேர்ந்திருக்கும். அது காயாத படலமாக நின்றுவிடும்.

வேலையின் ஒழுங்கு இந்த மூன்றிலிருந்தே பிறக்கிறது. பிளக்கைக் கழற்றி, தொடக்கப் பொத்தானைச் சில விநாடிகள் அழுத்தி எஞ்சிய மின்னை வெளியேற்றிய பின், கணினியை விறாந்தைக்குக் கொண்டுபோய்த் தூரிகையும் புளோவரும் கொண்டு உலர்ந்த நிலையிலேயே தூசியை அகற்ற வேண்டும். ஈரத்தை முதலில் தொட்டால் தூசி சேறாகிவிடும். அயல்வீட்டுக் கொடியில் உடுப்புக் காய்கிறதா என்று பார்த்துக்கொள்வதும் நல்லது. ஊதும்போது விசிறியை விரலால் பிடித்திருக்க வேண்டும்: கட்டற்றுச் சுழன்றால் அதன் தாங்கி தேய்வதோடு, அது ஒரு சிறு மின்பிறப்பாக்கியாகி மதர்போர்ட்டுக்கு மின்னைத் திருப்பி அனுப்பவும் கூடும். பிறகு எண்ணெய், கடைசியில் உப்பு. நினைவகப் பலகையான ராமின் பொன் முலாம் பூசிய விளிம்பை அழிறப்பரால் தேய்ப்பது கடைகளில் வழமையென்றாலும் அந்த முலாம் மிக மெல்லியது, அற்ககோலே போதும். ஹீட் சிங்க்கைக் கழற்றியிருந்தால் அதற்கும் புரொசெசருக்கும் இடையில் சூட்டைக் கடத்தப் பூசியிருக்கும் பழைய தேர்மல் பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாக இட வேண்டும்.

கணினிக்கு மின் வழங்கும் பெட்டியான பவர் சப்ளையை மட்டும் திறக்கக் கூடாது. நமது 230 வோல்ற்று ஆடலோட்டம் நேராக்கப்படும்போது அதன் உச்சம் 325 வோல்ற்றை எட்டுகிறது. உள்ளேயுள்ள, மின்னைச் சேமித்துவைக்கும் கொள்ளளவிகள் பிளக்கைக் கழற்றிய பின்னும் அதைச் சிறிது நேரம் வைத்திருக்கக்கூடும். வெளியிலிருந்து ஊதுவதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

இவையனைத்துக்கும் ஏற்ற காலம், கச்சான் ஓய்ந்து முதல் மழை விழுமுன் வரும் சில வாரங்களாகும். கச்சான் என்றது வறுத்துத் தின்னும் நிலக்கடலையை அல்ல, நிலப்பக்கத்திலிருந்து வீசும் அந்த வறண்ட காற்றை. அது கொண்டுவந்த புழுதி அப்போது பெட்டிக்குள் உலர்ந்தே கிடக்கும். வாடையின் ஈரம் இன்னும் அதைப் பசையாக்கியிராது.