கடைசி வாளி

கறுப்பு வண்டி வேண்டாம் என்று வீட்டில் படித்துப் படித்துச் சொன்னார்கள். கேட்கவில்லை. வாங்கிய மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, பதினோரு மணி வெயிலில் நானே கழுவினேன். இரண்டு வாளி போர் தண்ணீர், கார் ஷாம்பூ, புதுத் துணி. கழுவிவிட்டு உள்ளே போய் ஒரு டம்ளர் மோர் குடித்து வருவதற்குள் பானெட் முழுக்க வெள்ளை வெள்ளையாக வட்டங்கள். ஷாம்பூ சரியாகப் போகவில்லை போலிருக்கிறது என்று இன்னொரு வாளி ஊற்றினேன். அதுவும் காய்ந்தது. வட்டங்கள் கூடியிருந்தன.

எங்கள் அபார்ட்மென்டில் விடியற்காலையில் வண்டி துடைக்க வருபவர் மறுநாள் அதைப் பார்த்துச் சிரித்தார். "போர் தண்ணிய காய விடலாமா சார்? ஊத்தின கையோட துடைச்சிடணும்."

அந்த வட்டங்கள் போர் தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியத்தின் வேலை. மழைநீரில் கால்சியம் கிட்டத்தட்ட இருக்காது. அது மண்ணுக்குள் இறங்கும்போது அங்கிருக்கும் கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாகிறது. அந்த அமிலம் வழியில் தட்டுப்படும் சுண்ணாம்பையும் பாறைத் தாதுக்களையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து, கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் கூடவே இழுத்து வருகிறது. நீரின் கடினத்தன்மை என்பது இந்த இரண்டின் அளவுதான். நாம் 'உப்புத் தண்ணி' என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம்; கடலோரத்துக் கிணற்றில் கரிக்கிற சோற்றுப்பு வேறு, இது வேறு. வாயில் வைத்தால் கரிக்காத தண்ணீரும் கடின நீராக இருக்கலாம். கையடக்க டிடிஎஸ் மீட்டர் காட்டுவதும் கடினத்தன்மையை அல்ல. தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு பாய்கிறது என்று பார்த்து, கரைந்திருக்கும் எல்லா உப்புக்கும் சேர்த்து ஒரே எண்ணைத் தருகிறது.

குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் லிட்டருக்கு 200 மில்லிகிராம் கடினத்தன்மையை ஏற்கிறது. வேறு வழியில்லாத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்கிறது. சென்னைப் புறநகரில் பல போர்கள் இந்த இரண்டாவது எண்ணை நினைவூட்டுகிறவை. பக்கெட் விளிம்பிலும் ஷவர் துளைகளிலும் வெள்ளையாகக் கட்டிநிற்பதைப் பார்த்தாலே தெரியும்.

இரண்டு பாட்டில்களை எடுத்து, ஒன்றில் போர் தண்ணீரும் மற்றதில் ஏசி குழாயில் சொட்டிய தண்ணீரும் பாதி பாதி ஊற்றி, சோப்புத் துருவல் கொஞ்சம் போட்டுக் குலுக்கிப் பாருங்கள். ஏசி தண்ணீர் கழுத்துவரை நுரைக்கும். போர் தண்ணீர் பால் போலக் கலங்கி, மேலே திரிதிரியாக அழுக்கு மிதக்கும். அது அழுக்கல்ல, சோப்புதான். சோப்பில் இருக்கும் கொழுப்பமிலத்தைக் கால்சியம் பிடித்துக்கொண்டு கரையாத பொருளாக மாற்றிவிடுகிறது. கணக்குப் போட்டால், 600 மில்லிகிராம் கடினத்தன்மையுள்ள 10 லிட்டர் வாளி ஒன்று, நுரைக்க ஆரம்பிப்பதற்கு முன்பே 36 கிராமுக்கு மேல் சோப்பை விழுங்கிவிடும். 100 கிராம் கட்டியில் மூன்றில் ஒரு பங்கு!

காருக்கு யாரும் குளியல் சோப்பு போடுவதில்லைதான். கார் ஷாம்பூவில் இருப்பவை கால்சியத்தோடு சேர்ந்தாலும் எளிதில் திரியாத செயற்கை நுரைப்பொருட்கள். போர் தண்ணீரிலும் நுரை பொங்கும், அழுக்கும் போகும். அதனால்தான் தண்ணீரில் குறையே இல்லை என்று ஏமாந்துபோகிறோம். சலவைத் தூள் கதை வேறு. அதில் இருக்கும் சோடா உப்பு, தண்ணீரிலுள்ள கால்சியத்தை வாளியிலேயே மாவு போன்ற சுண்ணாம்பாக இறக்கிவிடும். போதாததற்கு வண்டியின் மெழுகுப் பூச்சையும் உரித்துவிடும். மிச்சம் பிடிப்பதாக நினைத்து அதைப் போடாதீர்கள்.

ஆக, போர் தண்ணீரின் வேலை கழுவும்போது தெரியாது, காயும்போதுதான் தெரியும். நீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. மண்ணுக்குள் நடந்தது பானெட்டின் மேல் தலைகீழாக நடக்கிறது. கரைத்து வைத்திருந்த கரியமில வாயு வெளியேற, கால்சியம் கார்பனேட்டாகப் படிகிறது. சுண்ணாம்பு அடித்த சுவர் காற்றிலிருந்து கரியமில வாயுவை வாங்கி வெளுக்கிறது. இங்கே துளி அதை விட்டுக்கொடுத்து வெளுக்கிறது. கடைசியில் நிற்பது ஒரே பொருள்தான். 1500 டிடிஎஸ் தண்ணீர், அதாவது லிட்டருக்கு 1500 மில்லிகிராம் உப்புள்ளது, வண்டியின் மேல் அரை லிட்டர் தங்கிக் காய்ந்தால், சுமார் முக்கால் கிராம் உப்பு மிஞ்சும். ஒரு சிட்டிகைதான். ஆனால் கறுப்பு பெயின்டின் மேல் ஆயிரம் இடத்தில் தூவிய சிட்டிகை.

புள்ளியாக இல்லாமல் ஏன் வட்டமாக? மேசையில் சிந்திய காப்பித் துளி காய்ந்ததும் ஓரம் மட்டும் கருத்துநிற்குமே, அதே காரணம். துளியின் ஓரம் மெல்லியது, சீக்கிரம் ஆவியாகிறது. ஆனால் ஓரம் பரப்பைப் பிடித்துக்கொண்டு நகராமல் நிற்பதால், இழந்ததை ஈடுகட்ட நடுவிலிருந்து தண்ணீர் ஓரத்துக்கு ஓடுகிறது. போகிற போக்கில் சரக்கையும் கொண்டுபோய்க் குவிக்கிறது. சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1997-இல் இதை விளக்கினார்கள். அதுவரை அதற்குச் சரியான விளக்கம் இல்லாமல் எத்தனை கோடி காப்பி சிந்தியிருக்கும்!

பளபளப்புக்காக செராமிக் கோட்டிங் அடித்தவர்கள் தப்பிவிட்டதாக நினைக்க வேண்டாம். அதன் மேல் தண்ணீர் பரவாமல் முத்து முத்தாக நிற்கும். பெரும்பாலானவை உருண்டு ஓடிவிடும். ஓடாமல் நின்ற முத்தில் சரக்கு சின்ன இடத்தில் செறிந்து, கறை அழுத்தமாக விழும்.

நான் செய்த பெரிய தப்பு, அந்த வட்டங்களைக் காய்ந்த துணியால் அழுத்தித் தேய்த்தது. பெயின்டுக்கு மேலிருக்கும் கிளியர் கோட் என்ற நிறமற்ற பூச்சு பெரும்பாலும் தலைமுடியின் தடிமன்கூட இருக்காது. அதன் மேல் சுண்ணாம்புத் துகளை வைத்துத் தேய்த்தால் சிலந்திவலை போலக் கீறல்தான் விழும். புதிய கறைக்கு வினிகரும் நல்ல தண்ணீரும் சரிபாதி கலந்து, நிழலில், ஈரத்துணியில் ஒற்றி ஒரு நிமிடம் வைத்து, கழுவிவிட வேண்டும். கார்பனேட் கரைந்துவிடும். தண்ணீரில் வரும் சிலிக்கா (மணலில் இருக்கும் அதே பொருள்) மட்டும் இதற்கு மசியாது. கண்ணாடியில் பல மாதம் ஊறிய கறை வினிகருக்குப் போகாததற்கு அதுவும் ஒரு காரணம்.

தண்ணீர் சிக்கனம் என்று ஆர்.ஓ. வேஸ்ட் தண்ணீரில் வண்டி கழுவச் சொல்கிறார்கள். மூன்று லிட்டர் உள்ளே போய் ஒரு லிட்டர் குடிக்க வந்தால், மிச்சம் இரண்டு லிட்டரில் மூன்று லிட்டருக்கான உப்பு ஏறக்குறைய அப்படியே இருக்கும். போர் தண்ணீரைவிட ஒன்றரை மடங்கு! டயருக்கும் தரைக்கும் அது போதும், பானெட்டுக்கு வேண்டாம். மொட்டை மாடியில் சாஃப்ட்னர் வைத்திருப்பவர்களுக்கும் வட்டம் விழத்தான் செய்யும். அது கால்சியத்தை எடுத்துக்கொண்டு பதிலுக்கு சோடியத்தைத் தருகிறது, மொத்த உப்பு குறைவதில்லை. என்ன, சோடிய உப்பு ஈரத்துணி பட்டதும் கரைந்துவிடும்.

இப்போது என் முறை இதுதான். விடியற்காலையில், வண்டி குளிர்ந்திருக்கும்போது, முதல் இரண்டு வாளி போர் தண்ணீரே. பகுதி பகுதியாக, காய்வதற்குள் அலசிவிடுவேன். கடைசி வாளி மட்டும் ஏசி தண்ணீர். காற்றின் ஈரம் குளிர்ந்து சொட்டியது என்பதால் அதில் கால்சியம் வர வழியே இல்லை. சென்னைப் புழுக்கத்தில் ஒரு ராத்திரிக்குள் வாளி நிறைந்துவிடுகிறது. அதை மக்கில் எடுத்து மேலிருந்து மெதுவாக வழியவிட்டு, மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றியெடுத்தால் வேலை முடிந்தது. மார்கழியில் ஏசி ஓடாது. அப்போது மாடியில் பிடித்த மழைத் தண்ணீர். அதுவும் தீர்ந்துவிட்டால், ஊற்றின கையோடு துடைப்பதுதான்.